பஸ் வராத நாலு எண்ணிக்கை

இரண்டு வருஷமாக ஒரே ஒரு எழுத்து என் மனசில் கிடந்து உறுத்துகிறது. 'மே'. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போட்ட பாட்டில் நான் சேர்த்த எழுத்து அது. 'இன்னும் காணோம்' என்று அவள் முடித்திருந்ததை 'இன்னும் காணோமே' என்று மாற்றினேன். அப்போது அது எனக்கு ஒரு திருத்தமாகக்கூடத் தோன்றவில்லை. சட்டையில் பொத்தான் போடாமல் வந்த பிள்ளைக்குப் போட்டுவிடுவோமே, அந்த மாதிரி ஒரு காரியமாகத்தான் செய்தேன்.

2012ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை என்று பல பாடங்களுக்கு. அதில் இசைக்கு வந்தவள் நான். வாரத்தில் மூன்று அரை நாள். மன்னார்குடியிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் போவேன். நடுநிலைப் பள்ளி, ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் எனக்கு. முதல் எட்டு ஒன்பது வருஷம் நான் செய்தது என்ன என்று கேட்டால், தமிழ்த்தாய் வாழ்த்து, தேசபக்திப் பாட்டு, சரளி வரிசை என்கிற முதல் ஸ்வரப் பயிற்சி, விழா வந்தால் விழாப் பாட்டு. நான் ஒரு வரி பாடுவேன், நாற்பது பேர் திருப்பிப் பாடுவார்கள். நன்றாகவே பாடுவார்கள். சுருதி சேரும். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் பக்கத்து வகுப்பில் தமிழ் டீச்சர் சொல்வது காதில் விழுந்தது. "பாத்து எழுதாதே, உன் சொந்த நடையில எழுது." தினமும் கேட்கிற வாக்கியம்தான். மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்வார்கள். ஓவிய சார் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க ஊர்த் திருவிழாவை வரைங்க" என்கிறார். கோணல்மாணலாகத் தேர் வரைந்தாலும் அது அந்தப் பிள்ளையின் தேர்தான். இசை வகுப்பில் மட்டும் 'உன் சொந்தமாக ஒண்ணு பாடு' என்று நான் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என்னிடமும் யாரும் சொன்னதில்லை. வாய்ப்பாட்டு கற்க ஆரம்பித்தது ஏழு வயதில். கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை, லோயர் தேர்வு, ஹயர் தேர்வு, இசைக் கல்லூரி எல்லாம் முடித்து வெளியே வந்தபோது என் பெயரில் நாலு வரி மெட்டுகூடக் கிடையாது.

ஒரு நாள் மட்டும் முயற்சி செய்தேன். பத்து வயது இருக்கும். ஜண்டை வரிசை பாடிக்கொண்டிருந்தபோது, ஸஸ ரிரி கக மம என்று போகிற வழியில் திடீரென்று ஒரு இடத்தில் திரும்பி வேறு மாதிரி இறங்கிப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது எனக்கு. பாட்டு டீச்சர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் அப்புறம்" என்றார். கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேலைக்கும் வந்தாயிற்று.

கற்பனை எப்போது வரலாம்?

நம் சங்கீதத்தில் கற்பனைக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்திலேயே மேடையில் உட்கார்ந்து அந்த நிமிஷத்தில் உண்டாக்கிப் பாடுகிற வழக்கம் இவ்வளவு வளர்ந்த இசைகள் குறைவு. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் எல்லாமே மனோதர்மம்தான். கச்சேரியில் பாடகரின் தரத்தை அதை வைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் அது மாணவனுக்கு வருவது வர்ணமும் பத்து முப்பது கீர்த்தனையும் பாடமான பிறகு. அதுவரை பொறுத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு இசைக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மனோதர்மம் என்ற மாடிக்கு ஏறுகிற படிக்கட்டில் முதல் மூன்று படியை மட்டும் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "அஸ்திவாரம் இல்லாம கற்பனைன்னா அது வெறும் கத்தல்தான்டி" என்பாள். அவள் சொல்வதை என்னால் ஒதுக்கித் தள்ள முடியாது. மாயாமாளவகௌளையைத் தொடக்க ராகமாக வைத்து வரிசைகளை ஒழுங்கு செய்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இத்தனை நூற்றாண்டுகளாக அந்தப் பாதையில் நடந்துதான் எல்லோரும் பாட வந்திருக்கிறார்கள். அதில் குரல் பண்படுகிறது, காது பண்படுகிறது. ஆனால் நான் கேட்பது ஒன்றுதான். குழந்தை பேசக் கற்றுக்கொள்வது எப்படி? உயிரெழுத்து பன்னிரண்டும் பாடமான பிறகா 'அம்மா, பசிக்குது' என்கிறது? முதலில் தன் தேவையைச் சொல்கிறது, தப்பும் தவறுமாக. எழுத்து அப்புறம் வருகிறது. இசையில் மட்டும் ஏன் தலைகீழாக இருக்க வேண்டும்?

என் பாட்டிக்கு ஸரிகமபதநி தெரியாது. ஆனால் என் தம்பியைத் தொட்டிலில் போட்டு அவள் பாடிய தாலாட்டு ஒரு ராத்திரி இருந்த மாதிரி மறுநாள் ராத்திரி இருக்காது. சிங்கப்பூரிலிருந்து மாமா கடிதம் போட்டால் அன்றைக்குத் தாலாட்டில் கப்பல் வரும். பசு கன்று போட்டால் கன்று வரும். அப்பாவோடு சண்டை என்றால் அதுவும் வரும், யாருக்கும் புரியாத மாதிரி, அம்மாவுக்கு மட்டும் புரிகிற மாதிரி. சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண்கள், செத்தவருக்கும் தனக்கும் உள்ள உறவை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டுவார்கள். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் நாள்தோறும் செய்துவந்த ஒரு காரியத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பேத்திகளால் செய்ய முடியவில்லை என்றால், தவறு எங்கேயோ எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

இரண்டு ஸ்வரத்தில் ஒரு பெயர்

ஆரம்பித்தது ரொம்பச் சின்னதாகத்தான். 'ப', 'க' இரண்டே ஸ்வரம். அந்த இரண்டையும் எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விளையாட்டில் ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்யும்போது, தெருமுனையிலிருந்து பெயரை இழுத்துக் கூப்பிடும்போது, குரல் மேலிருந்து கீழே விழுகிறதே, பெரும்பாலும் அந்த இறக்கம்தான். "உன் பேரை இந்த ரெண்டுல பாடு" என்றேன். முதல் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. "எப்படி டீச்சர், நீங்க பாடுங்க, நாங்க திருப்பிப் பாடுறோம்" என்றார்கள். பழக்கம் அப்படி. நான் பாடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் தன் பெயரை 'ப'விலேயே இழுத்துக்கொண்டு போய்க் கடைசி எழுத்தில் தொப்பென்று 'க'வில் போட்டான். வகுப்பே சிரித்தது. அப்புறம் மணி அடிக்கும் வரை நிறுத்த முடியவில்லை.

அடுத்து மோகன ராகம். ஸ ரி க ப த. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளரும் அவரோடு வேலை செய்த குனில்ட் கீட்மானும் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க ஒரு வழியை உண்டாக்கினார்கள். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, சுத்தியால் தட்டி வாசிக்கும் கருவி. கட்டைகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். ஏழில் நாலாவதையும் ஏழாவதையும் கழற்றிவிட்டுக் குழந்தையின் முன்னால் வைப்பார்கள். மிச்சம் ஐந்து. இந்த ஐந்தில் எதை எதோடு தட்டினாலும் காதில் இடறாது. 'ம'வும் 'நி'யும் போனால் நம் கணக்கில் என்ன மிஞ்சுகிறது? மோகனம்தான். அவர்கள் கட்டையைக் கழற்றிச் செய்ததை நம் ஊரில் கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் பிடிக்கிற ஒரு ராகமாகவே வைத்திருக்கிறோம். என்னிடம் கட்டைக் கருவி கிடையாது, கைப்பேசியில் சுருதிப் பெட்டி இருக்கிறது, நாற்பது தொண்டை இருக்கிறது. போதும் என்று தோன்றியது.

நடுவில் காதுக்கான வேலையும் செய்தோம். கனடாவில் மர்ரே ஷாஃபர் என்று ஒரு இசையமைப்பாளர் இருந்தார், 2021ல்தான் காலமானார். 1960களில் பள்ளி வகுப்பறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளை இசை உண்டாக்க வைத்தவர். ஒரு வெள்ளைத்தாளைச் சத்தமே வராமல் வகுப்பு முழுக்கக் கைமாற்றச் சொல்வார். இதை நான் ஏழாம் வகுப்பில் செய்தேன். அந்தத் தாள் மூன்றாவது பெஞ்சைத் தாண்டுவதற்குள் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருட்டும் சத்தம், எங்கோ ஓடுகிற மோட்டார் என்று எல்லாம் கேட்க ஆரம்பித்தது. அவருடைய இன்னொரு வேலை, வீட்டிலிருந்து சுவாரசியமான ஒரு சத்தத்தைக் கொண்டுவரச் சொல்வது. கொண்டுவந்தார்கள். காய்ந்த வாகை நெற்று, சைக்கிள் மணியின் மூடி, கல் போட்ட டப்பா. ஒருவன் சட்டைப்பையிலிருந்து தவில்காரர்கள் விரலில் மாட்டும் கூடு ஒன்றை எடுத்தான், அவன் தாத்தாவுடையது. தன் விரலுக்கு அது பெரிசு. உள்ளே துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு பெஞ்சில் ஒரே ஒரு தட்டு தட்டினான். 'டக்' என்று அந்த ஒரு சத்தம், மண்டபத்தில் கல்யாணம் நடக்கிற மாதிரி வகுப்பை நிமிர வைத்தது. "இன்னொரு தடவை" என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் தரவில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பிறகுதான் பாட்டு. ஐந்து ஐந்து பேராகப் பிரித்தேன். மோகனத்தின் ஐந்து ஸ்வரம், எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளம், நாலு வரி, இந்த வாரம் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்று. இவ்வளவுதான் விதி. 'உனக்குப் பிடித்ததைப் பாடு' என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் வராது. வேலி போட்டுக் கொடுத்தால் உள்ளே ஓடி விளையாடுவார்கள். இரண்டு குழுக்கள் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார்கள். மற்ற பிள்ளைகள் "காப்பி டீச்சர், காப்பி" என்று கத்தினார்கள். நான் விட்டுவிட்டேன். முத்துசுவாமி தீட்சிதரே இளவயதில் சென்னைப் பக்கம் மணலியில் இருந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டு சாகித்யம் செய்திருக்கிறார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கிட்டத்தட்ட நாற்பது இருக்கின்றன. அதில் ஒன்று பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அடுத்தவர் மெட்டில் தன் வார்த்தையைப் பொருத்திப் பார்ப்பதும் ஒரு பயிற்சிதான். எங்கே நெடில் வேண்டும், எங்கே குறில் போதும் என்று அதில் தெரிந்துவிடும்.

'எட்டே காலுக்கு வரும்னாங்க'

அந்தப் பெண்ணின் குழு பஸ்ஸைப் பற்றிப் பாடியது. பள்ளிக்கூடத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஊர் அவர்களுடையது. காலையில் மன்னார்குடியிலிருந்து வரும் அந்த ஒரே டவுன் பஸ்ஸை விட்டால் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். குழுவில் ஐந்து பேர் இருந்தாலும் மெட்டு அவளுடையது என்று மற்ற நாலு பேரும் சொன்னார்கள்.

எட்டே காலுக்கு வரும்னாங்க
எட்டரை மணியும் ஆயிடுச்சு
சட்டையும் வேர்த்து நனைஞ்சிடுச்சு
இன்னும் காணோம்

முதல் மூன்று வரியும் எட்டு எண்ணிக்கையை நிறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் மேலே ஏறி, மூன்றாவது வரியில் 'த' வரை போகும். எதுகைகூட வந்திருக்கிறது, பாருங்கள், எட்டே, எட்டரை, சட்டை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலாவது வரி மட்டும் பாதிதான். ப ப க ரி. 'இன்னும் காணோம்'. 'ரி' என்கிற ரிஷபத்தில் நின்றுவிடும். ஒரு தட்டும் மூன்று விரலும் முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்துவிடும். மிச்சம் இருக்கிற தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு நாலும் காலி.

எனக்குப் பாட்டு ரொம்பப் பிடித்திருந்தது. உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. குழந்தைகள் தின விழாவில் பாட வைக்கலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு நாலாவது வரியைச் சரிசெய்தேன். பாட்டு என்றால் ஷட்ஜத்தில், அதாவது 'ஸ'வில், வந்து உட்கார வேண்டும். தாளம் நிறைய வேண்டும். 'இன்னும் காணோமே, பஸ்சைக் காணோமே' என்று நீட்டி, கடைசி 'மே'யை 'ஸ'வில் கொண்டுவந்து வைத்தேன். பலகையில் சாக்பீஸால் எழுதி, இப்படிப் பாடினா நல்லா முடியும் என்று இரண்டு தடவை பாடிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். திருப்பிப் பாடினாள். திருப்பிப் பாடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதைத்தானே அத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏன் அப்படி முடித்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பாட்டில் ஏதோ குறைந்தால் அது தெரியாமல் விட்டதாகத்தான் இருக்கும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

விழா நன்றாக நடந்தது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஊராட்சித் தலைவர் பேசும்போது பஸ் விஷயத்தையே எடுத்துப் பேசினார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் நின்று மற்றவர்களோடு பாடிவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு வகுப்பில் அவள் புதிதாக எதுவும் கொண்டுவரவில்லை. குழுவில் மற்றவர்கள் போடுகிற மெட்டுக்குத் தாளம் போடுவாள். வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் குடியரசு தினப் பாட்டுக்கு ஒத்திகை இருந்ததால் ஒரு நாள் சாயங்காலம் வரை இருந்தேன். நாலேகால் பஸ்சுக்கு நிறுத்தத்தில் நின்றோம். நான் புங்க மரத்தடியில், பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கலுங்குத் திண்டில். ஆறாம் வகுப்புப் பொடிசுகளும் இருந்தார்கள். பாட ஆரம்பித்தார்கள். 'நாலே காலுக்கு வரும்னாங்க, நாலரை மணியும் ஆயிடுச்சு.' நேரத்தை மாற்றியிருந்தார்கள், ஒரு எழுத்து பிசகாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வரி ஏறியது. நாலாவது வரி வந்தது. 'இன்னும் காணோம்.' நின்றுவிட்டது. பையின் மேல் கைகள் மட்டும் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று போய்க்கொண்டிருக்க, அந்த நாலு எண்ணிக்கைக்கும் பதினைந்து தலைகளும் ஒன்றாக ரோட்டுப் பக்கம் திரும்பின. ரோட்டில் ஒன்றுமில்லை, ஒரு ஆடு குறுக்கே போனது. தலைகள் திரும்பி வந்தன. மறுபடி முதல் வரி. ஐந்தாறு தடவை பாடினார்கள், ஒவ்வொரு தடவையும் அந்த நாலு எண்ணிக்கையில் திரும்பிப் பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் பஸ் வரவில்லை.

நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, விழாவுல நல்லா முடிச்சுப் பாடினீங்களே, இங்க ஏன் பாதியில விடுறீங்க?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அப்புறம் என்னை. "பஸ் வரலியே, டீச்சர்."

நான் பேசாமல் நின்றேன். நான் கோபப்படவில்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரி பாடினா பஸ் வந்துட்ட மாதிரி இருக்கு."

எத்தனையோ வருஷமாக ஷட்ஜம் என்றால் வீடு, எல்லா ஸ்வரமும் வந்து சேருகிற இடம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதை அவள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். புரிந்துகொண்டதால்தான் அங்கே போகாமல் ரிஷபத்தில் நின்றாள். காலையில் அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வருகிறவள் நான். அது எட்டரைக்கு வந்தாலும் எட்டே முக்காலுக்கு வந்தாலும் எனக்கு ஜன்னலோரம் இடம் இருக்கும். வெளியே நிற்பவர்களின் பாட்டு எங்கே முடிய வேண்டும் என்று நான் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

அதன் பிறகு பிள்ளைகள் பாடும்போது என் கையில் சாக்பீஸ் வைத்துக்கொள்வதில்லை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் கையில் சாக்பீஸ் இருந்தால் பலகைக்குத் திரும்பாமல் என்னால் இருக்க முடியாது. பாடி முடித்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை பாடச் சொல்வேன். பிறகு கேட்டவர்களிடம், என்ன கேட்டது, எந்த இடத்தில் என்ன ஆனது என்று கேட்பேன். 'நல்லாருக்கு' என்று சொல்லக்கூடாது, 'நல்லால்ல' என்றும் சொல்லக்கூடாது. "ரெண்டாவது வரியில அவன் மூச்சு வாங்கினான்", "கடைசில கீழ போயிட்டு மறுபடி மேல வந்துச்சு" என்கிற மாதிரி சொல்ல வேண்டும். கடைசியாக மெட்டுப் போட்டவரிடம் நான் ஒன்று கேட்பேன், ஏன் அங்கே அப்படி வைத்தாய் என்று. பல சமயம் "சும்மாதான் டீச்சர்" என்றுதான் பதில் வரும். அதுவும் சரிதான். ஒரு பையன் ஒரு வருஷம் முழுக்க ஒரே மாதிரி மெட்டையே போட்டான், ஸவில் ஆரம்பித்து ஸரிகப, அப்படியே இறங்கி ஸ. எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அவனுக்கு அலுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா என்று என் தோழி கேட்டாள். வேண்டும். ஆனால் கேட்கும்போது. போன வருஷம் ஒரு குழு புளியங்காயைப் பற்றிப் பாட்டுக் கட்டியது. கடித்ததும் வருகிற வரியில் அவர்களுக்கு ஏதோ போதவில்லை. ஐந்து ஸ்வரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தி வந்து, "டீச்சர், 'க'வுக்கும் 'ப'வுக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாதா?" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை என்னிடம் 'ம' என்கிற மத்யமத்தைத் தானாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதில் இரண்டு வகை உண்டு. சுத்த மத்யமத்தைப் பாடிக் காட்டினேன். எல்லோரும் யோசித்தார்கள். அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த பிரதி மத்யமத்தைப் பாடினேன். ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இதுதான் டீச்சர், பல்லு கூசுது." அதையே வைத்தார்கள். 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களில் முதல் 36க்கும் அடுத்த 36க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு ஸ்வரம்தான் என்று நான் கல்லூரியில் தேர்வுக்குப் படித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது புளியங்காய். இனி எந்தக் காலத்திலும் அந்த இரண்டு மத்யமமும் அவர்களுக்குக் குழம்பாது.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில் இசை எடுத்தால் பாடவோ வாசிக்கவோ வேண்டும், கேட்டுச் சொல்ல வேண்டும், சொந்தமாக இசையமைக்கவும் வேண்டும். 1988ல் முதல் தேர்வு நடந்ததிலிருந்து இதுதான் முறை. நம் ஊரிலும் அப்படி மதிப்பெண் வைக்கலாமா என்று ஒரு பயிற்சி வகுப்பில் பேச்சு வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. மதிப்பெண் என்று வந்துவிட்டால் எல்லாப் பாட்டும் ஷட்ஜத்தில் போய்த்தான் முடியும், நான் திருத்தின மாதிரி. ஆனால் மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு ஒதுக்கிய வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதற்கு என்னிடம் விடை இல்லை. நாற்பது நிமிஷத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளி. அவள் தம்பி என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறான். இந்த நவம்பர் 14க்கு அந்த பஸ் பாட்டையே மறுபடி பாட வைக்கலாமே என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அவள் போட்டபடியே பாடட்டும் என்று முடிவு செய்தேன். ஒத்திகையில் ஒரு சிக்கல். மேடையில் நாலு எண்ணிக்கை சும்மா நின்றால் பிள்ளைகள் வரியை மறந்துவிட்டார்கள் என்று உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பார்கள், இல்லாவிட்டால் பாட்டு முடிந்தது என்று கைதட்டிவிடுவார்கள். என்ன செய்யலாம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன், அக்காவிடம் கேட்டு வா என்று.

மறுநாள் வந்து சொன்னான். "யாரும் சபையைப் பாக்கக் கூடாதாம், டீச்சர். நாலு எண்ணிக்கையும் எல்லாரும் ரோட்டைப் பாக்கணுமாம்."

"மேடையில ரோடு எந்தப் பக்கம்டா?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மன்னார்குடி பக்கம்தான்" என்று கையை நீட்டிக் காட்டினான்.